ஷோப்பன்ஹவர் அடியார் வகையியல்

பாயிரம்

பாயிரம் இல்லாததைப் பெரியோர் நூலென்று ஒப்புவதில்லை. ஆகவே முதலில் பாயிரம்.

நூல் நுதலிய பொருள்: ஆர்தர் ஷோப்பன்ஹவர் என்ற ஜெர்மன் தத்துவவாதியைப் பிடித்துக்கொண்டவர்கள் எத்தனை வகைப்படுவர் என்பது. கேட்போர்: தத்துவம் படிக்க நேரமில்லாமல், படித்தவர்களை வகைபிரிக்க மட்டும் நேரமுள்ளவர். பயன்: இலக்கியக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எவ்வகை என்று அறிந்து அளவோடு பேசுதல்.

ஆசிரியர் வரலாறு. 1788 பிப்ரவரி 22 அன்று, இன்று போலந்தில் குதான்ஸ்க் என்று வழங்கும் டான்ஸிக் துறைமுகத்தில், பெருவணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பல ஐரோப்பிய மொழிகளில் எழுத்து மாறாமல் நிற்கும், வியாபாரத்துக்கு உதவும் என்று தந்தை தேர்ந்த பெயர் ஆர்தர். மகன் பேரேட்டைத் தள்ளிவிட்டு பிளேட்டோவையும் காண்ட்டையும் எடுத்துக்கொண்டார். தாய் யோஹன்னா, கெதேயே வீடு தேடி வருமளவுக்கு வைமர் நகரில் செல்வாக்குள்ளவர், நாவலாசிரியை. போதிய காரணம் என்ற தத்துவத்தின் நால்வகை வேர் பற்றி மகன் 1813இல் ஆய்வேடு எழுதியபோது, வேர் என்றதும் மருந்துக்கடைக்காரர்களுக்கான புத்தகம் போலும் என்று தாய் கிண்டலடித்ததாகச் சொல்வர். 1814க்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

கொள்கைச் சுருக்கம். உலகத்தின் வெளிப்புறம் நம் அறிவில் படும் தோற்றம், உட்புறம் இச்சை. இச்சைக்குக் கண் கிடையாது, இலக்கு கிடையாது, ஓய்வும் கிடையாது. விரும்பியது கிடைக்காதவரை வேதனை, கிடைத்தபின் சலிப்பு. மனித வாழ்க்கை இவ்விரண்டுக்கும் இடையே ஆடும் ஊசல். கலை, அதிலும் இசை, சிறிது நேரம் வலியை மறக்கச் செய்யும். பிற உயிரின் நோவைத் தன் நோவாக உணரும் இரக்கம் அதற்கும் ஒருபடி மேல். தீர்ந்த மருந்து ஒன்றே: இச்சையை அடியோடு அணைத்துவிடுவது.

இதைச் சொல்லும் 'இச்சையும் தோற்றமுமாக உலகம்', லைப்சிக் ப்ரோக்ஹவுஸ் பதிப்பகத்திலிருந்து 1818 இறுதியில், முகப்பில் 1819 என்ற ஆண்டோடு வெளிவந்தது. வாங்க ஆளில்லை, பிரதிகளில் பெரும்பகுதி பழைய காகிதமாகப் போயிற்று. 1820இல் பெர்லின் பல்கலைக்கழகத்தில், ஹெகல் பாடம் நடத்தும் அதே நேரத்தில் வேண்டுமென்றே தம் வகுப்பை வைத்தார். ஹெகலின் அறை நிரம்பி வழிந்தது. இவர் அறையிலிருந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். அதன்பின் முப்பது ஆண்டுக்கு அடியார் பஞ்சம்.

தொகை

அடியார் தாமே எழுவகைப் படுவர்;
ஏழா வதனை இறுதியில் உரைப்பாம்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், அடியாரின் எண்ணும் முறையும் உணர்த்துதல் நுதலிற்று. 'தாமே' என்ற ஏகாரம் தேற்றப் பொருளது. எட்டாம் வகை உண்டென்று வாதாடுவோரை வாசலிலேயே நிறுத்த வந்தது.

நாட்டால் பிரித்தால் என்ன எனின், ரஷ்யாவின் டால்ஸ்டாயும் அர்ஜென்டினாவின் போர்ஹெஸும் ஒரே புத்தகத்துக்கு முன் உட்கார்ந்திருக்க, நடுவே சுங்கச்சாவடி கட்டுவதாகும். தொழிலால் பிரிப்போம் எனின், ஐன்ஸ்டைனின் பெர்லின் படிப்பறைச் சுவரில் ஃபாரடே, மேக்ஸ்வெல் படங்களோடு ஷோப்பன்ஹவர் படமும் தொங்கிய காரணத்தால், அவரையும் மின்காந்தவியலில் சேர்க்க நேரிடும். ஆகவே இரண்டும் பொருந்தா.

நம் அளவுகோல் இது: எதை விரும்பி அவரிடம் வந்தார்? அதைப் பெறுவதற்காக அவர் கொள்கையில் எந்தப் பாகத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்? எதையும் விரும்பாதே என்று சொன்ன ஒருவரிடம் எல்லாரும் ஏதோ ஒன்றை விரும்பியே வந்தனர் என்பதால் இவ்வளவுகோல் யாருக்கும் பொருந்தும்.

தனியடியார், தொகையடியார் என்ற நம் பழைய பகுப்பும் உதவும். முதல் ஐந்து வகையார் தனியடியார். ஆறாமவர் தொகையடியார், பெயர் சொல்லி மாளாது.

வகை

முதலாவது, பரப்பியர்.

இவர்கள் விரும்பியது, எல்லாருக்கும் முன்னால் கண்டுகொண்டவர் என்ற பெயர். ஷோப்பன்ஹவரும் சளைக்கவில்லை. தம் ஆதரவாளரை அப்போஸ்தலர் என்றும், அவருள் அச்சில் எழுதிப் பரப்பியோரை நற்செய்தியாளர் என்றும் பட்டம் கட்டினார். மாக்டெபர்க் சட்டவல்லுநர் டோர்குட் ஆதி நற்செய்தியாளர். பெர்லின் எழுத்தாளர் யூலியுஸ் ஃப்ராவன்ஷ்டெட் தலைமை நற்செய்தியாளர். பதிப்பாளர் பலர் கைவிரித்த 'பரெர்காவும் பரலிபோமெனாவும்' என்ற கட்டுரைத் தொகுதிக்கு பெர்லினில் ஆள்பிடித்துக் கொடுத்தவர் ஃப்ராவன்ஷ்டெட்தான். 1851இல் புத்தகம் வந்தது. ஆசிரியருக்குச் சன்மானம் பத்துப் பிரதிகள். கடிதத்தில் அந்தத் தலைமை நற்செய்தியாளரைக் கடுமையாகத் திட்டவும் செய்தார், கடைசியில் தம் கையெழுத்துப் பிரதிகளை அவருக்கே எழுதியும் வைத்தார்.

1853இல் லண்டன் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ' இதழில் ஜான் ஆக்ஸன்ஃபோர்ட் ஒரு கட்டுரை எழுதினார். அது ஜெர்மனில் பெயர்க்கப்பட்டு பெர்லின் நாளேட்டில் வந்தபின்தான், இப்படி ஒருவர் ஃப்ராங்க்ஃபர்ட்டில் குடியிருக்கிறார் என்று ஜெர்மானியர் அறிந்தனர். வெளியூர்ப் பத்திரிகையில் வந்தால்தான் உள்ளூர்ப் பெருமை உள்ளூருக்குத் தெரியும் என்பது எல்லா நாட்டுக்கும் பொது விதி. அதுமுதல் தம்மைப் பற்றி எங்கே ஒரு வரி அச்சானாலும் தேடி அனுப்பும்படி அப்போஸ்தலருக்கு உத்தரவு.

இவ்வகையின் உட்பிரிவு, மூலத்துக்கு மீண்ட பரப்பியர். இதில் ஒருவரே: பால் டாய்சன். முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். அதைப் பிரெஞ்சுக்காரர் ஆங்கெத்தில் துப்பெரோன் லத்தீனாக்கி 1801-02இல் 'ஔப்னெகத்' என்று வெளியிட்டார். அது 1814இல் ஷோப்பன்ஹவர் கைக்கு வந்தது. வாழ்நாள் முழுக்கத் தலைமாட்டு நூலாக இருந்தது. இப்படி மூன்று கை மாறி வந்த சரக்கை, டாய்சன் நேரே சமஸ்கிருதத்திலிருந்து அறுபது உபநிடதங்களாக ஜெர்மனில் 1897இல் தந்தார். அதற்கு முந்தின ஆண்டு விவேகானந்தர் கீல் நகரில் இவர் வீட்டுக்கு விருந்தினராக வந்திருந்தார். ஷோப்பன்ஹவர் கழகத்தை 1911இல் நிறுவியவரும் இவரே. ஆயினும் பற்றறுக்கச் சொன்னவர் பெயரில் சங்கம் நிறுவியதும் ஒரு பற்று என்பதால், பரப்பியரிலிருந்து இவரை மேலே ஏற்ற விதியில்லை.

இரண்டாவது, திருத்தியர்.

குருவை ஏற்றுக்கொண்டு, தமக்கு இடைஞ்சலான ஓரிடத்தை மட்டும் அவருக்காகத் திருத்திக் கொடுப்போர். தலையாய எடுத்துக்காட்டு ரிச்சர்ட் வாக்னர்.

1854இல் வாக்னர், புரட்சியில் சேர்ந்ததற்காக ஜெர்மனியை விட்டோடி ஸூரிக்கில் தங்கியிருந்த அகதி. கவிஞர் ஹெர்வெக் அவருக்கு 'இச்சையும் தோற்றமுமாக உலகம்' நூலை அறிமுகம் செய்தார். ஓராண்டுக்குள் அதை நாலு முறை படித்ததாக வாக்னரே எழுதினார். ஆதரவும் பணமும் தந்த பட்டு வணிகரின் மனைவி மதில்டே வேஸன்டோங்கிடம் மனத்தைப் பறிகொடுத்த காலம் அது. அடைய முடியாத ஆசைக்கு ஆசையே மாயம் என்ற தத்துவம் இதமாயிருந்தது. விளைவு 'டிரிஸ்டானும் ஐஸோல்டேயும்', 1865இல் ம்யூனிக்கில் அரங்கேறிய இசைநாடகம். தொடக்கத்தில் எழும் ஸ்வரக்கூட்டு அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, சுமார் நாலு மணி நேரத்துக்குப் பின் நாயகி சாயும்போதுதான் தணிகிறது. தீராத இச்சை என்பதை இதைவிடத் துல்லியமாக யாரும் காதுக்குள் நிரூபித்ததில்லை.

குருவின் மறுமொழி என்ன? 1854 இறுதியில் வாக்னர் தம் 'மோதிரம்' நாடகப் பாடலை அச்சிட்டு, வணக்கத்தோடும் நன்றியோடும் என்று எழுதி அனுப்பினார். பதில் கடிதமில்லை. தம் பிரதியின் ஓரங்களில் மட்டும் ஷோப்பன்ஹவர் பென்சிலோடு உலாவியிருக்கிறார். பிரிந்த அண்ணனும் தங்கையும் காதலராகத் தழுவிக்கொள்ளும் இடத்தில், திரை விரைந்து விழுகிறது என்று அச்சாகியிருந்தது. ஓரத்தில் அவர் குறிப்பு: நேரம்தான். கவிதை வருகிறது, இசையை ஆணியில் மாட்டிவிடலாம், நான் ரோஸினியோடும் மோஸார்ட்டோடும் இருந்துகொள்கிறேன் என்று வேறொருவர் வழியாகச் சொல்லியும் அனுப்பினார்.

வாக்னர் சோரவில்லை. ஆண் பெண் காதலே இச்சையை அணைக்கும் வழியாகலாம் என்று குருவுக்குத் திருத்தம் சொல்லி 1858இல் ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார், அனுப்பவில்லை. எந்தப் பாகம் கழற்றப்பட்டது என்பது வெளிப்படை.

மூன்றாவது, விட்டும் விடார்.

1865 அக்டோபரில் லைப்சிக்கில், பழைய புத்தகக் கடைக்காரர் வீட்டில் குடியிருந்த 21 வயது மாணவர் ஃப்ரீட்ரிக் நீட்சே அந்தக் கடையில் இந்நூலை எடுத்தார். இரண்டு வாரம் இரவு இரண்டு மணிக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்கு எழுந்து படித்தார். பள்ளித்தோழர் டாய்சனையும் இழுத்துவந்தவர் இவரே. வாக்னரை முதன்முதலில் 1868இல் சந்தித்தபோது பேச்சு ஷோப்பன்ஹவரைப் பற்றியே ஓடிற்று. சந்திப்பு நடந்த வீடு வாக்னரின் சகோதரியை மணந்த ப்ரோக்ஹவுஸுடையது. நூலைப் பதிப்பித்து நட்டப்பட்ட அதே குடும்பம்.

1874இல் 'கல்வியாளராக ஷோப்பன்ஹவர்' எழுதியவர் பின்பு விலகினார். விலகிய விதம் கவனிக்கத்தக்கது. இச்சை என்ற இயந்திரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, வேண்டாம் என்ற முள்ளை வேண்டும் பக்கம் திருப்பினார். தினமும் சாப்பாட்டு வேளையில் புல்லாங்குழல் ஊதுகிறவர் உண்மையில் அவநம்பிக்கைவாதிதானா என்றும் கேட்டுவைத்தார். விட்டவர் கேட்கும் கேள்வி அல்ல அது.

டால்ஸ்டாயும் இவ்வகையே. 'போரும் அமைதியும்' முடித்த 1869 கோடையில் ஷோப்பன்ஹவரை இடைவிடாமல் படித்து, மனிதருள் மாமேதை என்று கவிஞர் ஃபெத்துக்கு எழுதினார். ஃபெத் 1881இல் ரஷ்ய மொழிபெயர்ப்பே கொண்டுவந்துவிட்டார். பின்னாளில் டால்ஸ்டாய் 'ஒப்புதல்' நூலில், வாழ்வு பொருளற்றது என்ற முட்டுச்சந்திலிருந்து வெளியேற நால்வகை வழி உண்டென்று வகுத்து, நாலாவதான பலவீனர் வகையில் தம்மையே வைத்தார். வகைபிரிப்பில் அவர் நமக்கு முன்னோர்; வணங்கி மேலே செல்வோம்.

நான்காவது, ஓரிரவர்.

ஒரே அமர்வில் ஞானம் பெற்று மறுநாள் கடைக்குப் போவோர். இவ்வகைக்கு இலக்கணம் தாமஸ் மன் 1901இல் எழுதிய 'புடன்புரோக்ஸ்' நாவலில் கிடைக்கிறது. வணிகர் தாமஸ் புடன்புரோக், தோட்டத்துச் சிறு மண்டபத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டுகிறார். ஆசிரியர் பெயர் நாவலில் வராது; மரணத்தைப் பற்றிய அத்தியாயம் என்பதால் நமக்குத் தெரிந்துவிடும். படித்த இரவு இருட்டில் படுத்துக்கொண்டு விம்முகிறார். சாவு என்பது விடுதலை என்று உடல் முழுக்க விளங்கிவிடுகிறது. விடிந்ததும் ஒரு கூச்சம். கௌரவமான வணிகருக்கு இது தகுமா? மறுபடி படிக்க வேண்டுமென்று நினைப்பதோடு சரி. சில நாளில் புத்தகம் அலமாரிக்குத் திரும்புகிறது.

மோப்பசான் 1883இல் எழுதிய கதையையும் இங்கே சேர்க்கலாம். குருவின் பிணத்துக்கு இரவெல்லாம் காவலிருக்கும் சீடர், அந்த முகம் அசைவதாகக் கண்டு நடுங்குகின்றனர். விழுந்தது பொய்ப்பல். ஞானமும் பயமும் ஓரிரவுக்கு மேல் தாங்குவதில்லை என்பது கருத்து.

ஐந்தாவது, பிந்திப் படித்தார்.

ஃப்ராய்ட் தனித்து நிற்பவர். அறிவு எசமானன் அல்ல, அடியில் ஓடும் இச்சைக்கு வேலையாள். காமமே வாழ்வின் நடுவச்சு. தாங்க முடியாததை மனம் கதவடைத்து வெளியே நிறுத்தும். இவை மூன்றும் ஷோப்பன்ஹவரிடம் உள்ளன. ஒற்றுமையை ஃப்ராய்ட் மறுக்கவில்லை. வாழ்வில் மிகப் பிந்தியே அவரைப் படித்தேன் என்றார். அது மெய்யாகவே இருக்கலாம். முந்திப் படித்தால் கண்டுபிடித்த மகிழ்ச்சி போய்விடும் என்பதும் ஓர் இச்சைதானே.

ஆறாவது, நறுக்கியர்.

இவர்கள் தொகையடியார். முழு நூலைத் தொடாமல் தமக்கான துண்டை வெட்டி எடுத்துக்கொள்வோர். உட்பிரிவு மூன்று.

அ. முள்ளம்பன்றி நறுக்கியர். குளிருக்கு ஒட்டிக்கொண்ட முள்ளம்பன்றிகள் முள் குத்தி விலகி, மறுபடி குளிர்ந்து நெருங்கி, கடைசியில் ஓர் அளவான இடைவெளி கண்டன. மனிதருக்கு அந்த இடைவெளியின் பெயர் மரியாதை. 'பரெர்கா'வில் வரும் இக்கதையை உறவு பற்றிப் பேசும் எல்லாரும் எடுத்தாள்வர். உள்ளுக்குள் போதிய சூடு உள்ளவன் கூட்டத்துக்கு வெளியிலேயே நின்றுகொள்வான் என்ற முடிவை மட்டும் விட்டுவிடுவர். கதை எழுதப்பட்டதே அதற்காக.

ஆ. வாத நறுக்கியர். நேர்மையற்ற வாதங்களை அம்பலப்படுத்த அவர் 38 தந்திரங்களைப் பட்டியலிட்டார். அவர் மறைந்தபின் 1864இல் அச்சாயிற்று. இன்று அது விவாதத்தில் வெல்லும் கையேடாக விற்கிறது. கடைசித் தந்திரம், தோற்பது தெரிந்தால் ஆளைத் திட்டு என்பது. முதல் 37ஐயும் படிக்காமலே இதில் தேர்ந்தவர் எண்ணற்றோர்.

இ. வசை நறுக்கியர். 1851இல் பெண்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, தம் வெறுப்புக்குத் தத்துவச் சான்றிதழாக வைத்திருப்போர். அதிலிருப்பது தாயோடு முறிந்த ஒருவரின் கசப்பு; காண்ட்டின் மாணவர் அங்கே விடுமுறையில் இருக்கிறார். இளம் சிற்பி எலிசபெட் நை 1859இல் வந்து அவர் மார்பளவுச் சிலையை வடித்தபோது கிழவர் குழைந்துபோனார் என்பதை இவர்கள் நறுக்குவதில்லை.

இம்மூன்றிலும் சேராமல் நேர்மையாக நிற்பவர் சார்லி சாப்ளின். நாற்பது ஆண்டுக்கு மேலாக விட்டுவிட்டுப் படிக்கிறேன், முழுதாகப் படித்ததில்லை என்று சுயசரிதையில் ஒத்துக்கொண்டார்.

விரி

இனி ஏழாவது: செய்தார். அதாவது நூல் சொன்னபடி இச்சையை அணைத்தவர். மனுக்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் மனு, ஆசிரியருடையதே. குடும்பப் பணம் போட்டிருந்த டான்ஸிக் வணிக நிறுவனம் ஒன்று நொடித்தபோது, தாயும் தங்கையும் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கினர். இவர் விடாப்பிடியாக நின்று தம் பங்கை முழுதும் வசூலித்தார். வாசலில் நின்று சத்தம் போட்ட தையற்காரியைத் தள்ளிய வழக்கில் ஆண்டுக்கு 60 தாலர் கட்டத் தீர்ப்பாயிற்று; அந்தத் தையற்காரி செத்தபோது சுமை இறங்கியதென்று லத்தீனில் சிலேடை எழுதினார். 1831இல் பெர்லினில் காலரா. ஹெகல் தங்கினார், இறந்தார். வாழ்வு வீண் என்றவர் வண்டி பிடித்துத் தப்பினார்.

ஃப்ராங்க்ஃபர்ட் தினசரி வாழ்க்கையைப் பார்த்தாலும் துறவு தென்படவில்லை. காலையில் குளிர்நீர்க் குளியல், காப்பி, நண்பகல்வரை எழுத்து, பிறகு புல்லாங்குழல். மதிய உணவு எங்லிஷர் ஹோஃப் விடுதியில், இருவர் உண்ணும் அளவு. தட்டருகே ஒரு பொற்காசை வைப்பார், முடிந்ததும் எடுத்துப் பையில் போடுவார். ஏனென்று பரிசாரகர் கேட்டதற்கு, இங்கே உண்ணும் ஆங்கில அதிகாரிகள் குதிரை, நாய், பெண் தவிர வேறெதையாவது பேசும் நாளில் இதைத் தர்ம உண்டியலில் போடுவதாகப் பந்தயம் என்றாராம். காசு பையிலேயே இருந்தது. அறையில் காண்ட்டின் தலைச்சிலை, பொன்முலாம் பூசிய புத்தர், சுவரெல்லாம் நாய்ப் படங்கள், படுக்கையருகே குண்டேற்றிய துப்பாக்கி. 1848 கலகத்தில் கூட்டத்தைக் குறிபார்க்க வந்த படை அதிகாரிக்குத் தம் நாடகக் கண்ணாடியைக் கொடுத்து உதவினார்.

இவற்றுக்கெல்லாம் அவரே முன்கூட்டி விடை எழுதியிருக்கிறார்: துறவி தத்துவவாதியாக இருக்க வேண்டியதில்லை, தத்துவவாதி துறவியாகவும் வேண்டியதில்லை, அழகைச் செதுக்கும் சிற்பி தானும் அழகனாக இருக்க வேண்டுமா? விடை செல்லும். மனு செல்லாது.

இரண்டாவது, ஃபிலிப் மைன்லெண்டர். குருவையும் மிஞ்சிய இருளோடு ஒரு நூல் எழுதி, 1876இல் அச்சுப் பிரதி கைக்கு வந்தவுடன் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர். இவரையும் நூலே விலக்குகிறது. தற்கொலை இச்சையின் மறுப்பன்று, அதன் உச்சம். அவன் வாழ்வை விரும்புகிறான், வாய்த்த நிலைமைகளைத்தான் வெறுக்கிறான் என்பது ஷோப்பன்ஹவரின் திட்டமான கூற்று. இம்மனுவைக் கேலியின்றித் திருப்பி வைக்கிறோம்.

மூன்றாவது, டால்ஸ்டாய். 1910இல், 82ஆம் வயதில், எல்லாவற்றையும் விட்டு இரவோடிரவாக வீட்டைத் துறந்து, ஒரு சிற்றூர் ரயில் நிலையத்தில் உயிர்விட்டார். மனு வலுவானது. ஆனால் புறப்படும்போது தம் மருத்துவரையும் உடன் அழைத்துச் சென்றார். உடம்பின் மேல் அவ்வளவேனும் பற்று இருந்தமையால் தள்ளுபடி.

நான்காவது, ஆத்மா. இது அவர் வளர்த்த நாயின் பெயர். ஒன்று செத்து அடுத்தது வந்தாலும் பெயர் மாறாது, ஏனெனில் எல்லா உயிரிலும் உள்ளது ஒன்றே. உயிலில் கடைசி நாய்க்கும் ஒதுக்கீடு உண்டு. புகழ் வேண்டாது, வாக்னர் வேண்டாது, முள்ளம்பன்றிக் கதை வேண்டாது. ஆயினும் மாலை நடைக்கு நேரமானால் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்குமாதலால், இதுவும் சேராது.

புறனடை

ஏழாம் வகை காலியென்றால் அதை வைப்பானேன் எனின், மற்ற ஆறும் எதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளக்க அதுவே முதற்புள்ளி ஆகலின் என்க. மேலும், இச்சையை அணைக்கச் சொன்ன நூலைக் காதலுக்கும் புகழுக்கும் சங்கத்துக்கும் சண்டைக்கும் ஆறு வகையாரும் பயன்படுத்திக்கொண்டது அவர் தோல்வியாகாது. இச்சை எதையும் தனக்கு வேலையாளாக்கிக்கொள்ளும் என்றுதானே அவர் சொன்னார்? நூலின் முதல் பாதியை நிரூபிக்க, எல்லாரும் சேர்ந்து இரண்டாம் பாதியைக் கைவிட்டனர்.

இங்ஙனம் வகைபிரிப்பவர் எவ்வகை எனின், ஆறாவதில் நாலாம் உட்பிரிவு. சூத்திரத்தில் சொல்லாமை அடக்கத்தால்.

ஏழாம் வகையில் இடம் இன்னும் உண்டு. நிபந்தனை ஒன்றே: சேர விரும்பி விண்ணப்பிப்போர், விரும்பியதாலேயே தகுதி இழப்பர்.